இன்னாச்சி சாரும் எங்கள் இறக்கைகளும்

கீழே விழுந்தவனைப் பார்த்தால் உலகத்தில் எல்லாரும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஓடிவந்து தூக்குவார்கள், இல்லையென்றால் ஒதுங்கி நின்று சிரிப்பார்கள். இரண்டையும் செய்யாமல், விழுந்தவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கச்சேரி கேட்க வந்தவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, விழுந்த கதையைக் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் போளூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் இன்ஸ்டிட்யூட் போர்டில் இருந்தது, அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் இன்னாச்சி சார்.

எனக்கு அவர் அறிமுகமானபோது நான் தரையில் கிடந்தேன். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த சமயம். கலசப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை, போளூரில் வாடகை அறை, காலில் தெருவைப் பெருக்கிக்கொண்டு வரும் பெல்பாட்டம் பேண்ட். இன்ஸ்டிட்யூட் வாசலில் சைக்கிளோடு விழுந்தேன். டீக்கடையிலிருந்து நாலு பேர், "பாத்து வரக்கூடாதா?" என்றார்கள். ஐந்தாவதாக வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாச்சி?"

"விழுந்துட்டேன் சார்."

"அது தெரியுது. அதுக்கு முன்னால இன்னாச்சி?"

"பேண்ட் செயின்ல மாட்டிக்கிச்சு."

"சரி. அதுக்கும் முன்னால?"

இப்படியே அவர் என்னைப் பின்னோக்கி நடத்திக்கொண்டு போய் காலையில் துணி இஸ்திரி போட்ட இடத்தில் கொண்டு நிறுத்தினார். மடிப்புக் கலைந்துவிடுமே என்று பேண்டுக்கு கிளிப் போடாமல் வந்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆங்! அங்கதான் விழுந்திருக்கே நீ. இங்க வந்து சும்மா தரையைத் தொட்டிருக்கே."

இதற்குள் முழங்காலில் ரத்தம் தானாகவே நின்றுவிட்டிருந்தது. கோபமாக எழுந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் விழுந்ததற்கு என்னைத் திட்டாத ஒரே ஆள் அவர்தான். மறுநாளே அவரோடு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, ஒருநாள் வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்தார். "சாம்பார்ல உப்பு இல்லேன்னா கோவிச்சுக்கிற புருஷன் எல்லா வூட்லயும் கீறான். மணைய போட்டு உக்காந்து விசாரிக்கிற புருஷன் எனக்கு மட்டுந்தாம்பா வாச்சிருக்காரு. 'உப்பு டப்பாவ எடுக்கும்போது யாராவது கூப்ட்டாங்களா?'ன்றாரு!"

"கூப்ட்டாங்களா இல்லியா?" என்றார் சார் விடாமல்.

"பால்காரர் கூப்ட்டாரு," என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

இந்த மனிதர் ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தது மேஜரால். மேஜர் கணியம்பாடிக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் உண்மையிலேயே மேஜராக இருந்தாரா என்று நாங்கள் கேட்டதில்லை. குரல் மேஜர் குரல், அது போதும். யாரையோ பிடித்து, எங்கிருந்தோ இரண்டு கிளைடர்களை வரவழைத்திருந்தார். விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியக் குழாய்களில் இழுத்துக் கட்டிய பெரிய முக்கோணத் துணி, அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. உடம்பில் பட்டைகளை மாட்டிக்கொண்டு, முதுகுப்பக்கம் இருக்கும் கொக்கியை இறக்கையின் நடுக்குழாயில் தொங்கும் வாரில் மாட்டிவிட்டு, முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஓட வேண்டும். காற்று நல்ல மனது வைத்தால் தரை காலை விட்டுப் போய்விடும். கொக்கிதான் மனிதனையும் இறக்கையையும் சேர்த்துவைப்பது. அதை மாட்ட மறந்தால் இறக்கை பறக்கும், மனிதர் கைப்பிடியில் தொங்குவார். கை ஓய்ந்ததும் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமை அறுவடை முடிந்ததும் மலையில் வெள்ளையன் என்ற விவசாயியின் சரிவு நிலம் எங்களுக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் தலைமேல் இறக்கைகளைக் கட்டிக்கொண்டு போவோம். மேஜர், வேலூரிலிருந்து வரும் பல் டாக்டர், நான், இன்னும் ஓரிருவர். வெள்ளையன் எங்களை 'ரெக்கைக்காரங்க' என்பார். வயிற்றுப்பாட்டுக்கு வேலை இருந்தும் மலையிலிருந்து குதிக்க வருகிற எங்களை அவர் மரியாதையோடும் கொஞ்சம் கவலையோடும் பார்ப்பார்.

ஆரம்பத்தில் எங்களுக்கு அடிபடாத வாரமே கிடையாது. யாருக்குக் கால் சுளுக்கினாலும் மேஜர், "யாருய்யா அந்த முட்டாள்?" என்று மலை அதிரக் கத்துவார். அந்த முட்டாள் அன்றிலிருந்து நொண்டுவதைக்கூட மறைத்துக்கொள்வான். அடுத்த வாரம் அதே இடத்தில் அடுத்த முட்டாள் அதே மாதிரி விழுவான். இதை நான் இன்ஸ்டிட்யூட்டில் சொன்னபோது இன்னாச்சி சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அவ்ளோ பேரு வுழுந்துகினு கீறாங்க, ஒருத்தரும் விசாரிக்கலியா?" என்றார். கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறது, சாப்பிட ஆளில்லை என்று கேட்டவர் போலத் துடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் ஜீப்பில் இருந்தார்.

மலையில் அவர் வைத்த முறை இதுதான். சாயங்காலம் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டி டீ போடுவோம். டீயைக் கையில் வாங்குமுன் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த தப்பையோ, தப்பிப் பிழைத்ததையோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருப்பதில் நல்ல தப்புக்கு முதல் டம்ளர். 'யாரு' என்று கேட்பவர் எல்லா டம்ளரையும் கழுவ வேண்டும். முதல் மூன்று வாரம் மேஜர்தான் கழுவினார்.

ஊருக்கெல்லாம் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர், இதில் ஒரு வரியைக்கூடக் காகிதத்தில் ஏற்ற விடவில்லை. "எழுதினா கையெழுத்து கேப்பீங்க. கையெழுத்துன்னதும் பயம் வரும். அப்பறம் எவன் நெஜத்த சொல்லுவான்?" என்பார்.

முதல் டம்ளருக்குப் பெரிய போட்டி. இல்லாத தப்பை எல்லாம் இட்டுக்கட்ட ஆரம்பித்தோம். பல் டாக்டர் ஒருநாள், நடுவானில் கழுகு ஒன்று எதிரே வந்ததாகவும், அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வலதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடதுபக்கம் திரும்பியதாகவும் கைகால் ஆட்டி நடித்துக் காட்டினார். சார் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"இல்ல டாக்டர். இது ரொம்ப அழகா கீது. நெஜமான தப்பு இவ்ளோ அழகா இருக்காது. அசிங்கமா, சப்புன்னு இருக்கும்."

டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஷூ லேஸ் அவுந்திருந்துச்சு சார்," என்றார். டம்ளர் அவருக்குத்தான் போனது. அதன் பிறகு மலையில் லேஸ் அவிழ்ந்து யாரும் விழவில்லை. எனக்கு அப்போதுதான் இந்தக் கிறுக்கில் ஏதோ இருக்கிறது என்று உறைத்தது.

இந்த விசாரணைத் தொற்றுநோய் வெள்ளையன் ஊருக்கும் பரவியது. யாருடைய மாடோ யாருடைய கொல்லையிலோ மேய்ந்து பஞ்சாயத்து கூடியபோது, வெள்ளையன் எழுந்து, "மாடு யாருதுன்றத வுடுங்க. மாட்டுக்கு இன்னாச்சி, அத கேளுங்க," என்றாராம். விசாரித்தால் வேலிமுள்ளை எடுத்து எங்கள் ரெக்கைக்காரர்கள்தான் வழி செய்திருக்கிறார்கள். அன்று பஞ்சாயத்துக்கே மேஜர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மேஜர் வளையவில்லை. கொக்கி. "கொக்கி மாட்டாம எவன் ஓடுறானோ, அவன் இந்த மலையில மறுபடி பறக்கக்கூடாது. அவ்வளவுதான். உசுரு சமாச்சாரம்," என்பார். சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"மேஜர், அப்டி ஒரு தண்டனைய வச்சீங்கன்னா அத எவனும் சொல்லமாட்டான்."

"சொல்ல வேணாம். செய்யாம இருக்கட்டும்."

இதற்காகத் 'தொங்கல்' என்று ஒன்று உண்டு. ஓடுவதற்கு முன் கொக்கியை மாட்டி, இரண்டு பேர் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, பறப்பவர் அந்தரத்தில் படுத்துத் தொங்கிக் காட்டவேண்டும். ஒவ்வொருவரையும் தொங்கவைத்து, வாரை இழுத்துப் பார்த்து, "போய்ட்டு வாப்பா," என்று அனுப்புவது சாரின் வேலை.

அனுப்பிவிட்டு அங்கேயே நிற்பார். நாங்கள் இறங்கியதும் விசாரணை எல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு கேள்வி வரும். "மேலேர்ந்து பாத்தா நம்ம அடுப்புப் பொகை எப்டி தெரியுது?" அடுத்தவரிடம், "வெள்ளையன் கெணத்துல தண்ணி தெரியுதா, வெறும் பள்ளந்தானா?" இப்படிக் கேட்டுக் கேட்டே மேலிருந்து தெரியும் மலை முழுவதையும் மனதில் வைத்திருந்தார். அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அந்த ஐம்பது வயதுக்காரருக்கு எவ்வளவு ஆசை என்பது எங்களுக்குத் தெரியும். கீழ்ச்சரிவில் சின்னச் சின்னத் தாவல்களாக ஒரு பருவம் முழுக்கப் பழகினார். மேலே போக அக்காதான் விடவில்லை. கடைசியில் ஒருநாள், "போங்க. நீங்களே வுழுந்தா எவரு வந்து விசாரிக்கறாங்கன்னு பாக்கறேன்," என்று உத்தரவு கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இறங்குமிடத்தில் கொடியோடு நின்றிருந்தேன். மேலே நடந்தது பிறகு தெரிந்ததுதான். சார் கொக்கியை மாட்டினார், தொங்கினார், பிரமாதமாகத் தொங்கினார். எழுந்து ஓடப்போகும் நேரத்தில், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்திருந்த பல் டாக்டரின் கால் ஒரு கயிற்று வளையத்துக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கொக்கியைக் கழற்றினார். போய் டாக்டரின் காலை எடுத்து வெளியே வைத்தார். கயிறு அங்கே எப்படி வந்தது என்று சின்னதாக ஒரு விசாரணையும் நடத்தினார். திரும்பி வந்து கம்பியைப் பிடித்தார். காற்றுப் பார்க்கும் நாடாவிலேயே கண்ணாக இருந்த மேஜர், "காத்து வந்துடுச்சு, ஓடுய்யா!" என்று கத்தினார்.

கீழிருந்து பார்த்தபோது இறக்கை அழகாகத்தான் எழுந்தது. அடியில் சார் நெட்டாகத் தொங்கினார். புதிதாகப் பறப்பவர்கள் சிலர் அப்படித்தான் பயத்தில் காலை நீட்டிவிடுவார்கள் என்று நினைத்துக் கையைக்கூட ஆட்டினேன். திடீரென்று இறக்கை மூக்கைக் கீழே குத்தியது. சரிவின் பாதியில், உண்ணிச்செடிப் புதருக்குள் ஏதோ பொத்தென்று விழுந்தது. இறக்கை இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்க் கவிழ்ந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வெள்ளையன் எனக்கு முன்னால் போய்ப் புதரை வெட்டி விலக்கிக்கொண்டிருந்தார். சார் மல்லாந்து கிடந்தார். உடம்பெல்லாம் முள் கீறல், இடது தோள் இறங்கியிருந்தது. உயிர் இருந்தது. பல் டாக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, பழக்க தோஷத்தில், "வாயத் தொறங்க," என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு துண்டால் கையைக் கட்டினார். வெள்ளையன் ஆட்கள் இரண்டு மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி செய்து, அவரைப் புளியமரத்தடிக்குத் தூக்கிவந்தார்கள். ஜீப்பைத் திருப்பி நிறுத்த வேண்டியிருந்தது.

மேஜர் கவிழ்ந்த இறக்கையைப் பார்த்துவிட்டு வந்தார். நடுக்குழாயில் வார் முழுசாக இருந்தது. சாரின் முதுகில் கொக்கி மூடியபடி முழுசாக இருந்தது. எதுவும் அறுந்துபோகவில்லை, உடையவில்லை. மேஜருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. புரிந்தவர் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"காத்து தூக்கி அடிச்சிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல. யாரும் எதுவும் பேச வேணாம். ஜீப்ப எடுங்க."

அந்தக் கறாரான மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நண்பருக்காகச் சொன்னார். கொக்கி என்று வந்துவிட்டால் அவர் வைத்த விதி அவரையே விடாது. சாரின் பறப்பு அந்த அரை நிமிடத்தோடு முடிந்துபோகும். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம். சார் டோலியில் படுத்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"ஏம்பா, எனக்கு மட்டும் கேக்கமாட்டீங்களா?"

அந்தக் குரல் அவ்வளவு சிறுத்துப் போய் நான் கேட்டதில்லை. அவர் கண் கலங்கியது தோள் வலியால் இல்லை. அத்தனை வருஷம் அத்தனை பேரிடம் உட்கார்ந்து கேட்ட மனிதரை, அவர் முறை வந்தபோது நாங்கள் அன்பினாலேயே கேட்காமல் விட்டிருந்தோம்.

கடைசியில் வெள்ளையன்தான் டோலி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருக்கு மேஜரின் விதியும் தெரியாது, எங்கள் தர்மசங்கடமும் தெரியாது.

"இன்னாச்சி சாமி?"

"கொக்கி மாட்டல வெள்ளையா."

"யோவ்!" என்றார் மேஜர். "வலியில ஒளர்றீங்க."

"ஒளறல மேஜர். மாட்டினேன், தொங்கினேன், அப்பறம் கழட்டினேன். டாக்டர் கால் கயித்துல இருந்திச்சு. அத எடுத்துவுட்டுட்டு திரும்பி வந்தேன். மாட்டியாச்சுன்னு மனசு சொல்லிடுச்சு. ஏன்னா ஒருவாட்டி மாட்டியாச்சுல்ல?" வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் அந்த நிலையிலும் கொஞ்சம் ஆச்சரியத்தோடு சொன்னார். "பாத்தீங்களா, தொங்கல்தான் என்ன ஏமாத்திடுச்சு. தொங்காம வந்திருந்தா ஒருவேளை பாத்திருப்பேன்."

பிறகு மேஜரைப் பார்த்தார். "உங்க விதிப்படி நான் இனிமே பறக்க முடியாது. தெரிஞ்சுதான் சொல்றேன். மறச்சா இதே எடத்துல அடுத்த ஆள் வுழுவான்."

மேஜர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"போன பருவத்துல நான் கால் வழுக்கி விழுந்தேன்னு சொன்னேனே."

"ஆமா. பாறை ஈரமா இருந்திச்சுன்னீங்க," என்றார் சார்.

"பாறை காஞ்சுதான் கெடந்துச்சு. கொக்கிய கழட்டிட்டு கண்ணாடிய எடுக்கப் போனேன். வந்து ஓடிட்டேன். ரெண்டு அடி வச்சதும் ஞாபகம் வந்து, வேணும்னே தரையில விழுந்துட்டேன். எப்படிய்யா சொல்லுவேன்? விதி வச்சவனே நான்தான."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஒருதடவ ஆயிருக்கு சார்," என்றார். "தண்ணி குடிக்கக் கழட்டினேன்." பாவம், அது அழகாகவே இல்லை.

தோளெலும்பு முறிந்து டோலியில் கிடந்த மனிதர் எழுந்து உட்கார முயன்றார். "ரெண்டு பேரும் கழட்டிட்டு வேற வேலையா போனீங்களா? திரும்பி வந்ததும் யாராவது பேசினாங்களா? சொல்லுங்க, சொல்லுங்க!" ஜீப் தயாராகி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்துக்கொண்டே வந்தார். வளைவுகளில் வலி பொறுக்காமல் "அய்யோ" என்பார், உடனே, "அதுக்கு முன்னால?" என்பார்.

மேஜரின் விதி அன்றே செத்தது. அதன் இடத்தில் புதிதாக ஒரு முறை வந்தது. தொங்கல் என்பது ஓடுவதற்கு முன் செய்யும் கடைசிக் காரியம். கொக்கியைக் கழற்றினால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி. தொங்கி எழுந்தவரோடு அவர் ஓடும்வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வெள்ளையன் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்றால், யாராவது ஓடப்போகும்போது தன் ஆடுகளின் கழுத்துமணியைத் துணியால் சுற்றிவிடுவார்.

சாருக்குப் புத்தூர் கட்டு போட்டு, எலும்பு கூடி, அடுத்த சாமை அறுவடையும் முடிந்தது. அவரை மறுபடி மேலே அனுப்புவது என்று முடிவானபோது அக்காவும் ஜீப்பில் ஏறி மலைக்கு வந்துவிட்டார். இறங்குமிடத்தில் நான், மேஜர், அக்கா. மேலே டாக்டர் தொங்கவைத்துப் பார்த்தார். கொக்கி சரியாக இருந்தால் அசைக்கச் சொல்லியிருந்த வெள்ளைத் துணி அசைந்தது. மேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இறக்கை எழுந்தது. இந்தத் தடவை அடியில் சார் படுத்தபடி, சௌகரியமாக, ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தவரைப் போலத் தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிக்கொண்டு போனார். கிணற்றுக்கு மேல் போனார். அடுப்புப் புகைக்கு மேல் போனார். அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். மேஜர் பிடித்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் வந்து இறங்கினார். நாலு அடி ஓடி, இரண்டு காலையும் ஊன்றி நின்றார். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கம்பியை விடாமல், முகமெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாக, சொல்வதற்கு ஏதாவது தப்பு கிடைக்குமா என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல் தவித்தார்.

"வாத்தியாரே, ஒண்ணுமே ஆகலியே!"

அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று காலையிலிருந்து எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.